முழு ஸ்கேன்

மேட்டூர் திறந்து பதினோராம் நாள்.
எங்கள் வாய்க்காலில் இன்னும் ஆடுதான் மேய்கிறது.
கணினியில் மட்டும் வெள்ளம்:
எங்கே தொட்டாலும் ரம்மி ஆட்டம்,
பரிசு விழுந்த கார், உடம்பு இளைக்கும் பொடி.
சிட்டா எடுக்க வந்த நாச்சிகுளத்துக்காரர்
திரையைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

யாரோ நீட்டிய பென்டிரைவ்.
உள்ளே ஒரு கல்யாணப் பத்திரிகை.
திறந்ததும் என் கோப்புறைகள் மறைந்து
அதே பெயரில் பொய்கள் நின்றன.
வரப்பு அதே வரப்பு; வயலைக் காணோம்.

ஃபார்மட் அடிக்க எழுநூறு என்றார்கள் கடைத்தெருவில்.
மெடிக்கல் விக்டோரியா அக்கா சிரித்தாள்.
"காசில்லாமலே இருக்குடி.
செஞ்சவங்க பக்கத்துக்கே போய் எடு.
பெருசா பச்சையா மினுக்குற பொத்தானைத் தொடாதே,
அதுதான் வைரஸே."
அவள் கடையில் இரண்டு கருவி இறக்கி
முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

முதலில் நெட் ஒயரைப் பிடுங்கினேன்.
பிறகு சேஃப் மோட்:
கறுப்புத் திரை, தடித்தடி எழுத்து,
ஊருக்கே கரண்ட் போனது போல ஓர் அமைதி.

ஒரு சதவீதம் ஏறுவதற்குள்
ஒரு குடம் பிடித்துவிடலாம். பிடித்தேன்.
இரவு பதினொன்றுக்கு இருநூற்றுப் பதினேழு,
எல்லாம் சிவப்பில்.
டிக் அடித்துக்கொண்டே வந்தேன்.
களை பறிக்கும்போது கை யோசிப்பதில்லை.

இருநூற்றுப் பதினான்காவதில் கை நின்றது.
தட்டும் ஒவ்வோர் எழுத்தையும்
குறித்து வைத்து அனுப்புகிற ஒன்று.
நிறுவிய தேதி
அறிவழகன் சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டிய இரவு.
"வேகமா ஓடுற மாதிரி பண்ணிட்டேன் நீலா"
என்று ஒரு மணிக்கு வந்து படுத்தார்.

குறிப்பைத் திறந்தேன். பதினான்கு மாதம்.
நாற்பத்தாறு பேரின் பட்டா எண், ஆதார், வங்கிக் கணக்கு.
நகைக்கடன் வட்டி என்ன என்று நான் தேடியது
(அந்த வாரம்தான் கேட்காமலே இருபதாயிரம் வந்தது.
மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன்).
"எப்ப வர்றீங்க" என்று அடித்து
அழித்து
"நல்லா இருக்கோம்" என்று அனுப்பியது.
அழித்ததும் இருந்தது அதில்,
ஒவ்வோர் எழுத்தழிப்புக்கும் ஓர் அம்புக்குறியோடு.

குருத்துப்பூச்சி துளைத்த கதிர்
வெளுத்து நிமிர்ந்து நிற்கும்.
பால் பிடித்ததுதான் தலை சாயும்.
ரோட்டில் போகிறவருக்கு
நிமிர்ந்ததுதான் நல்ல பயிர்.
உருவிப் பார்த்தால் கையோடு வந்துவிடும்.

நீக்கு. தனிமைப்படுத்து. விட்டுவிடு.
கருவி கேட்டுவிட்டுக் காத்திருந்தது.
நான் எதையும் அழுத்தவில்லை.
மறுபடி சாதாரணமாக ஏற்றி
ஒயரைச் செருகி
வெற்றுத் தாள் திறந்து அடித்தேன்:
"வாய்க்கால்ல இன்னும் தண்ணி வரல.
வேவு பாக்க வேணாம்.
கேளுங்க, சொல்றேன்."
பிறகு அதை எழுத்தெழுத்தாக அழித்தேன்.
அழித்ததைத்தானே அவர் நன்றாகப் படிப்பார்.

போய்ச் சேரட்டும் என்று பத்து நிமிடம் விட்டு
ஒயரைப் பிடுங்கி
இருநூற்றுப் பதினேழையும் நீக்கினேன்.

ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்
என்று அக்கா சொல்லியிருந்தாள்.
இரண்டாம் கருவியை ஓட விட்டு
நோட்டை எடுத்தேன், பேனாவை எடுத்தேன்.
நாற்பத்தாறு பெயர்.
கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று சொல்ல வேண்டும்.
ஏன் என்று கேட்பார்கள்.
ஆறாவது பெயருக்கு மேல் எழுத வரவில்லை.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது.
அங்கே ஏழே கால், வேலைக்குக் கிளம்பும் நேரம்.
ஸ்கேன் அறுபத்திரண்டு சதவீதம்.
முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.