வரிசை 117

காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க
முனைக்கு முனை கயிறு கட்டியிருக்கிறார்கள்
புந்தா அரேனாஸில்.
கயிற்றைப் பிடித்துப் பிடித்து
அலுவலகம் வந்து சேர்ந்தேன்.

என் வேலை எண்ணுவது.
ரத்தத்தை அல்ல,
ரத்தத்தைப் பற்றி உலகம் எழுதியதை.
இருபது ஆண்டு, பதினோராயிரத்துச் சொச்சம் கட்டுரைகள்.
நுரையீரலுக்குள் வைரஸ் நுழைந்தால்
ரத்தத்தில் எந்தப் புரதம் முதலில் வாய் திறக்கும்?
எந்தப் பெயர் எந்த ஆண்டில் எத்தனை முறை?
கணினி வட்டங்களாக வரைந்து காட்டும்.
அதிகம் பேசப்பட்டது பெரிய வட்டம்.
சேர்ந்தே பேசப்பட்டவற்றுக்கு நடுவில் ஒரு கோடு.

சி-ரியாக்டிவ் புரதம் எல்லோருக்கும் உறவு,
கல்யாணத்துக்கும் வரும், கருமாதிக்கும் வரும்.
ப்ரோகால்சிடோனின்
பாக்டீரியாவைக் கண்டால் எழுந்து நிற்கும்,
வைரஸ் என்றால் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும்.
அந்த உட்கார்ந்திருத்தலையும் சேதியாக்கிப்
பட்டம் வாங்கியவர்கள் உண்டு.
இன்டர்லூக்கின் ஆறு
2019 வரை கொட்டைப்பாக்கு,
2021-இல் பூசணிக்காய்,
அப்புறம் ஒரு வாட்டம்.
இதற்குப் போக்கு என்று பெயர்.
போவதால்தானோ என்னவோ.

'ஃபெரிட்டின் ஏன் இப்படி ஒதுங்கி நிற்கிறது?
மூலத் தரவைப் பார், மிலென்கா'
என்றார் பெர்னாபே, மாத்தே உறிஞ்சியபடி.
பார்த்தேன்.
இரண்டு தெரு தள்ளி இருக்கும்
எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் கட்டுரை.
இணைப்பில் நானூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்.

117.
ஆண். 58. புகைப்பழக்கம்: உண்டு.
பெயர் இல்லை. சேர்த்த தேதி இல்லை.
ஆளை அடையாளம் தெரியக் கூடாதென்று
எடுத்துவிட்டார்கள், அதுதான் முறை.
ஃபெரிட்டின் 3912.

அந்த எண்ணை
மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.
தொலைபேசியில் செவிலி சொல்லச் சொல்ல
நண்டுக் கூடை வாங்கிய ரசீதின் பின்னால் எழுதினேன்.
மூன்று, ஒன்பது, ஒன்று, இரண்டு.
'கூடுதலா?'
'கூடுதல்தான் சென்யோரா.'
அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
பின்னால் வேறொரு படுக்கையின் கருவி
கூவிக்கொண்டிருந்தது.

ஃபெரிட்டின் இரும்பைப் பூட்டி வைக்கும் புரதம்.
திருடன் வந்ததும் உடம்பு
வீட்டு இரும்பையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறது
என்கிறது ஒரு சாரார்.
இல்லை, உடைந்த செல்லிலிருந்து கசிவது அது
என்கிறது மறு சாரார்.
எரால்டோ இரண்டுக்கும் சிரித்திருப்பான்.
மகெல்லன் நீரிணையில் முப்பது வருஷம் நண்டு பிடித்தவன்,
படகின் துருவைச் சுரண்டியே பாதி ஆயுள் போனவன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
அந்த மணியைத்தான்
பதினோராயிரம் கட்டுரைகளும் தேடுகின்றன.
எங்களுக்கு மணி கேட்டபோது
யானை படுக்கையறைக்குள் நின்றிருந்தது.

கடைசிப் பத்தி: முடிவு.
பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே நினைப்போம்?
இங்கே பூஜ்யம் வீட்டுக்குப் போனவர்.
ஒன்று, போகாதவர்.
117-க்கு நேரே
ஒற்றைக் குச்சியாக நின்றது ஒன்று.

அவனாக இல்லாமலும் இருக்கலாம்.
ஐம்பத்தெட்டு வயதில் புகைப்பவர்கள்
இந்த ஊரில் நிறைய.
ஒரே எண் இரண்டு பேருக்கு வராதா என்ன.
'பிழை ஏதும் உண்டா?' என்றார் பெர்னாபே.
'இல்லை, சரியாகத்தான் இருக்கிறது' என்றேன்.
கட்டுரையை எண்ணிக்கையில் சேர்த்தேன்.
ஃபெரிட்டின் வட்டம்
கண்ணுக்குத் தெரியும்படி பெருக்கவில்லை.

மூடுமுன் அடுத்த வரியையும் படித்தேன்.
118. பெண். 31. ஃபெரிட்டின் 88. முடிவு 0.

திரும்பும்போது காற்று இன்னும் மூர்க்கம்.
எனக்கு முன்னால்
பச்சைக் கோட்டுப் பெண்ணொருத்தி கயிற்றை விட்டுவிட்டு
இரண்டு கையாலும்
பிள்ளையின் குல்லாயை இழுத்துக் கட்டினாள்.
அவள் முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை
அவள் கோட்டின் நுனியைப்
பிடித்துக்கொண்டு நின்றேன்.