ஒலுவில் சந்தி

என்ன சொன்னார் என்று கேட்கிறாய்.

பன்னீர்க்குடம் உடைந்து பின்சீற்றில் நீ.
கல்முனை ஆசுபத்திரிக்கு இன்னும் பாதி வழி.
ஓட்டோ இருமி நின்றது.
செட் எல்லாம் மூடிக் கிடந்த மாதம்.

சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர்
தன் பைக் டாங்கில் குழாயை விட்டு
வாயால் உறிஞ்சி, காறித் துப்பி,
சோடாப் போத்தலில் நிரப்பித் தந்தாரே,
காசை நீட்ட,
"போங்க, போங்க" என்று கையை வீசினாரே,

அவர்தான். ஹயாத்து லெப்பை.
சந்திக் கடையில் விசாரித்துப் பிடித்தேன்.
மூன்று வருஷம் ஒத்திகை பார்த்த சொற்கள்
தொண்டையில் முண்டியடித்தன.

தயிர் முட்டியைப் பார்த்தார்.
மகளைப் பார்த்தார்.
"நானா? ஞாபகமில்லயே தம்பி.
அந்த மாசம் ஆராருக்கோ உறிஞ்சிக் குடுத்த.
பெற்றோல் ருசி மட்டும்
இன்னும் நாக்கில இரிக்கி."

தயிரை உள்ளே அனுப்பினார்.
கழுவிய முட்டி நிறைய
வறுத்த கச்சானோடு திரும்பி வந்தது.

அவ்வளவுதான்.
சொல்லப் போனதில் ஒன்றையும் சொல்லவில்லை.

வரும் வழியில், ஏன் சிரிக்கிறீங்க அப்பா என்றாள்.
எனக்கும் தெரியவில்லை.
கச்சான் கோது காற்றில் பறக்க
அந்தச் சொற்களெல்லாம்
பின்சீற்றில் அவளோடு குதித்துக்கொண்டு வந்தன.
அக்கரைப்பற்று தாண்டியும்
ஒன்றும் இறங்கவில்லை.