மூன்று மணி ஆராதனை

தமக்கு அழைப்பு வந்துவிட்டதென்று
அவர் சொன்ன இரவில்
நான் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தேன்.
"எங்கேயிருந்து?" என்றேன்.
வேலையிடமாக இருக்கலாம்,
மன்னாரிலிருந்து மச்சாளாக இருக்கலாம்.
அவர் விரலை மேலே காட்டினார்.
மேலே
ஸ்டூடர் குடும்பம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது.

ஓல்ட்டனில் நவம்பர் என்றால் பனிமூட்டம்.
பாலத்தில் போகும்போது
கீழே ஆறு இருக்கிறதென்று
நம்பித்தான் நடக்கவேண்டும்.
அப்படி ஒரு மாதத்தில்
ரயில் பெட்டி கழுவும் வேலையைப்
பாதியாகக் குறைத்தார்.
இனி ஊழியம் என்றார்.
பதினொரு வருடமாய் அவர் சட்டை முதுகில்
வேறு மொழியில் எழுதியிருந்ததும்
ஊழியர் என்றுதான்.

நான் கணக்குக் கொப்பியை விரித்தேன்.
வாடகை ஆயிரத்து நானூற்று எண்பது.
மூன்று பேருக்குக் காப்பீடு.
யூடித்தின் புல்லாங்குழல் வகுப்பு.
சீட்டுக் காசு எட்டாயிரம் பிராங்
(அதை அவர் தம்பி ரூபசிங்கம்
கொண்டுபோய் ஆறு வருடம்).
"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
சனிக்கிழமையும் வரச் சொன்னார்கள்.
அதுதான் அந்தப் பார்த்துக்கொள்ளல் என்று
எடுத்துக்கொண்டேன்.

பிரசங்கப் பயிற்சி குளியலறையில்.
பத்து மணிக்குமேல்
தண்ணீர் இழுக்கவும் யோசிக்கிற கட்டடம்,
அதனால் கண்ணாடிக்குக் கிசுகிசுப்பாய்.
சுவருக்கு இந்தப்பக்கம் படுக்கையில் நான்.
"பிரியமானவர்களே" என்று தொடங்குவார்,
என்னிடம் ஒருநாளும் சொல்லியிராத சொல்.
மன்னிப்பைப் பற்றித்தான் பிரசங்கம்.
நன்றாகவே வரும்.
ஓரிடத்தில் மட்டும்,
"நம் சொந்தச் சகோதரன்" என்கிற இடத்தில்
குழாய் திறக்கும் சத்தம் கேட்கும்.
முகம் கழுவுவார்.
திரும்ப முதலிலிருந்து, பிரியமானவர்களே.

எனக்கு முழுதும் பாடமாகிவிட்டது,
அந்தக் குழாய்ச் சத்தம் உட்பட.

ஞாயிறு மூன்று மணி.
சுவிஸ்காரர் காலையில் விட்டுப்போன கோப்பி வாசம்
மண்டபத்தில் இன்னும் இருந்தது.
இருபத்திமூன்று பேர், இரண்டு தள்ளுவண்டி.
கடன் வாங்கிய கோட்டு அவருக்குத் தோளில் பெரிது.
பிரியமானவர்களே என்றார்,
நன்றாகவே போனது,
பிறகு அந்த இடம் வந்தது.

நின்றார்.
அங்கே குழாய் இல்லை.
ஒரு குழந்தை இருமியது. வெப்பக்கருவி டக்கென்றது.
மேசை விளிம்பைப் பிடித்த அவர் கையில்
வெடிப்புகள் தெரிந்தன,
சவர்க்காரம் தின்ற பழைய வெடிப்புகள்.

நான் எழும்பினேனா,
இருந்தபடியே சொன்னேனா,
இன்றைக்கும் தெளிவில்லை.
"எட்டாயிரம் பிராங்" என்றேன்.
"நாங்கள் இன்னும் மன்னிக்கவில்லை.
வார்த்தையாகச் சொல்லலாம். அது பொய்.
அவன் பெயர் வந்தால்
இந்த மனுசன் முகம் கழுவப் போகிறார்,
நான் சட்டிகளை உரக்க அடுக்குகிறேன்.
அந்த நிலையில்தான் இங்கே வந்து
இருக்கிறோம்."

லாங்கன்தாலிலிருந்து வரும் ஞானசோதி அக்கா
ஆமென் என்றா.
வேறொருவரும் சொல்லவில்லை.
ஆனால் பிறகு ரோல்ஸ் சாப்பிடும் நேரத்தில்
ஒருவர் பின் ஒருவராக என்னருகே வந்து,
ஒருவர் மருமகனை, ஒருவர் செத்துப்போன தகப்பனை,
ஒருத்தி பெயர் சொல்லாமல் யாரையோ,
தாழ்ந்த குரலில் இறக்கிவைத்தார்கள்.
அவர் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தார்.
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

திங்கள் காலை ஐந்தரை, சலவைக்கூடம்.
சூடான போர்வையின் இரண்டு முனை என்னிடம்,
இரண்டு முனை எரித்திரியாக்காரி செலாமிடம்.
என் வாய் அசைகிறதாம்.
யாரோடு கதைக்கிறாய் என்றாள்.
ஒருவரோடுமில்லை என்றேன்.
"பிரிய, பிரிய" என்று
கேட்ட மட்டும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.
"அப்படியென்றால் என்ன?"

ஜெர்மன் சொல் வரவில்லை.
மடி என்றேன்.
கிட்டே வந்தாள், கிட்டே போனேன்,
மடித்தோம்.