ரேகை

மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டினால்
குலசேகரத்துக்கு மேற்கே இருநூற்றி எண்பது மரம்.
வெட்டு சாய்ந்து இறங்க வேண்டும்.
ஆழம் போனால் மரத்துக்குக் காயம்,
மேலாகப் போனால் பால் இல்லை.
ஆறரைக்கு வீடு.
அதே கையால் மகளுக்கு வகிடு எடுக்கிறேன்.

இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டி, சிவப்பு ரிப்பன்.
பள்ளிக்கூடத்துச் சட்டம்.
முதல் வாரம் ஜெர்ஷா அழுதாள்,
இரண்டாம் வாரம் நான்.
மஸ்கட்டில் இரவு டூட்டிக்கு நடுவே
மருந்து அறையில் நின்றபடி
ஷைனி போனுக்குள்ளிருந்து சொன்னாள்:
"கோணுது ரெஜின். மூக்கப் பாத்து வா."
மூக்கைப் பார்த்து வந்தேன்.
பட்டையில் கோடு போடத் தெரிந்தவனுக்கு
இது வர இவ்வளவு நாளா என்று
எனக்கே வெட்கம்.

சாயாக்கடையில் கேட்பார்கள்,
"சோறு வச்சாச்சா பிள்ளே?"
"வச்சாச்சு. சாளைப் புளிமுளம். வாரியா?"
பிறகு கேட்பதில்லை.
ஒருவன் மட்டும் தனியாக வந்து
புளி எவ்வளவு என்று கேட்டான்.
அவன் மனைவிக்கு குவைத்தில் விசா வந்திருந்தது.

என் அப்பா பஹ்ரைனிலிருந்து
மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார்.
செண்ட் மணக்கும் அந்த ஆளைக் கண்டதும்
அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பேன்.
போன டிசம்பரில் ஷைனி வந்தாள்.
விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு இப்புறம்,
என் சட்டையைப் பின்னாலிருந்து
ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்தது.
ஷைனி பெட்டியைக் கீழே வைத்தாள்.
சாக்லேட்டை உடனே எடுக்கவில்லை.
அப்பா எடுத்திருப்பார்.

மாமியார் ரெத்தினபாய் முப்பத்தாறு வருடம்
அண்டியாபீஸில் தல்லினாள்.
வறுக்கிற ஆம்பிளைக்கு நாள்கூலி,
தல்லுகிற பெண்ணுக்குக் கிலோக் கணக்கு.
பொடிந்த பருப்புக்குக் காசு பிடிப்பார்கள்.
ஷைனியின் நர்சிங் பீஸ்
பொடியாத பருப்பாகச் சேர்ந்தது.
தோட்டெண்ணெய் தின்ற விரலில்
தோல் திரும்ப முளைத்தது.
கோடு முளைக்கவில்லை.

நேற்று ரேஷன் கடை.
அட்டையில் அவள் படம்,
அதன் கீழே குடும்பத் தலைவி.
இயந்திரத்தில் வலது பெருவிரல். பீப்.
இடது. பீப்.
முந்தானையில் துடைத்து, ஆள்காட்டி விரல்.
பீப்.
வரிசை முனகியது.
கடைக்காரர் என்னைப் பார்த்தார்,
"ஆம்பிள நிக்காருல்லா, அவரு வைக்கட்டும்."

வைத்தேன்.
எனக்கும் பீப்.
பார்த்தால் விரலில் காய்ந்த ஒட்டுப்பால்.
சுரண்டினேன்.
மெல்லிய தோலாக உரிந்து வந்தது,
அதில் என் ரேகை தலைகீழாக.
அடியில் இருந்த விரலை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.
ரெத்தினபாய்க்குச் சிரிப்பு.
"ஒனக்கு உரிச்சா வரும் மக்களே.
எனக்கு உரிஞ்சுதான் போச்சு."

அரிசியை நான் தூக்கினேன்,
சீனியை அவள்.
வழியில் ஒன்றும் பேசவில்லை,
மரச்சீனி என்ன விலை என்று
ஒரு இடத்தில் நின்று கேட்டதைத் தவிர.

ராத்திரி போனில் ஷைனி கேட்டாள்,
"ஆரு வெரல் வச்சா?"
"நான்."
"அம்மைக்கு?"
"புடிக்கல."
அங்கே யாரையோ யாரோ
சிஸ்டர் என்று கூப்பிடும் சத்தம்.
ஷைனி போகவில்லை.
"அம்மா, நல்ல கிரீம் ஒண்ணு கொடுத்துவிடுதேன்.
இங்க கெடைக்கும்."

ரெத்தினபாய் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.
மடியில் ஜெர்ஷா,
அவிழ்த்த ரிப்பன் பாட்டியின் கையில் சுற்றிக் கிடந்தது.
"கிரீம் எதுக்குடி?
அந்த மெஷின் ஒண்ண வாங்கி அனுப்பு.
தல்லிப் பாக்கேன்,
உள்ள பருப்பு இருக்கா இல்லியாண்ணு."