இருபத்தொரு வோற்ஸ்

விபத்து நடந்த விதத்தை விவரிக்க
நாலு விரல் அகலத்தில் ஒரு பெட்டி.
கே.கே.எஸ். வீதி, இணுவில், காலை ஏழு ஐம்பது,
பள்ளிக்கூடத்துக்குப் பிந்திய ஒரு கணக்கு ரீச்சர்
எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

கீழே வரைபடத்துக்கு இன்னொரு பெட்டி.
என் காரை நீளப் பெட்டியாய்க் கீறினேன்,
முந்த வந்த அவனுடைய பட்டாவை
அதைவிடப் பெரிய பெட்டியாய்.
அம்புக்குறி போட்டேன்.
வெங்காயத்தைக் கீறவில்லை.

வெங்காயம்தான் முதலில் வந்தது,
சத்தத்துக்கும் முன்னம் வந்ததுபோல் ஞாபகம்.
முன்கண்ணாடியில் சின்னச் சின்னச் சிவப்பு,
பிறகு றோட்டெல்லாம் உருண்டு
மதகடி வரைக்கும்.
இறங்கிய பொடியன் என்னைப் பார்க்கவில்லை,
அதைத்தான் பார்த்தான்.
கனநேரம் கழித்துக் கேட்டான்:
"சிக்னல் போடாமல் திரும்பினால்
நான் என்ன சாத்திரமே பார்க்கிறது அக்கா?"

"போட்டனான்."
"போடேல்லை."
"போட்டனான் தம்பி."
அரை மணித்தியாலம் இரண்டு சொல்லையும்
சனத்துக்கு முன்னால் மாறி மாறிப் பெருக்கினோம்.

எதிர்ச் சைக்கிள் கடைக்காரரைப் பொலிஸ் கேட்டது.
"சத்தம் கேட்டது ஐயா. பார்க்கேல்லை."
ரியூபும் கையுமாய் அவர் வாசலில் நின்றதை
நான் பார்த்திருந்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
பார்க்கவில்லை என்று சொல்ல
இந்த ஊர் எப்போது பழகியதென்று
எனக்கும் தெரியும்.
கடைக் கமெரா
கல்லாப்பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினேழாம் கேள்வி:
உங்கள் கருத்தில் தவறு யாருடையது?

தொண்ணூற்றாறில் வீட்டுக்கு நட்டஈடு கேட்டு
அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய படிவத்தில்
ஓடு எத்தனை, கதவு எத்தனை,
காய்க்கிற தென்னை எத்தனை என்றெல்லாம் இருந்தது.
இந்தக் கேள்வி இருக்கவில்லை.

'மற்ற வாகனத்தின் சாரதி.'
எழுத்து அழகாய் வந்தது.

காப்புறுதியில் துஷ்யந்தினி நல்ல பிள்ளை.
"ரெண்டு பேரும் மற்றாளைத்தான் சொல்லுறியள் மிஸ்.
ஐம்பதுக்கு ஐம்பதெண்டு முடிச்சால் கெதியாய்ச் சரிவரும்.
ஆனால் போனஸ் போகும்."
பத்தொன்பது வருசம் ஒரு கீறலில்லாமல் ஓடினவள்,
பாதிப் பிழையும் எடுக்கமாட்டேன் என்று
கத்தினேன்.
அவள் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்:
"கஜவதனன் எண்ட அந்தப் பெடியனுக்கு
மூன்றாந்தரப்பு மட்டும்தான் மிஸ்.
வெங்காயத்துக்கு ஒண்டுமில்லை."

கொக்குவில் கராஜில்
யோகலிங்கம் பாஸ் பின்விளக்கைக் கழற்றினார்.
வலப்பக்கம்.
பல்பை வெயிலுக்குப் பிடித்தார்.
கண்ணாடி உடையவில்லை;
உள்ளே கறுத்து, கம்பி அறுந்திருந்தது.

"இது இடியிலை போனதில்லை ரீச்சர்.
போய் ஒரு கிழமையாவது இருக்கும்.
உள்ளுக்கை டிக் டிக் எண்டு
கெதியாய் அடிச்சிருக்குமே?"

அடித்தது.
அந்தக் கிழமை முழுக்க மூச்சு வாங்குவதுபோல் அடித்தது.
நான் அதை என்னுடைய அவசரமென்று
நினைத்திருந்தேன்.

ஆக, நான் போட்டேன்.
அவன் காணவில்லை.
கணக்கில் இப்படி வந்தால்
கேள்வி பிழை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்,
முழுப் புள்ளியும் போடுவேன்.

புதுப் பல்ப் இருபத்தொரு வோற்ஸ்,
இருநூற்றைம்பது ரூபா.
பழையதை எறியப் போனவரிடம் வாங்கி
கைலேஞ்சியில் சுற்றிப் பையில் வைத்தேன்.
ஏனென்று அவர் கேட்கவில்லை.
மூன்று நாளாய்ச் சோக்குத் துண்டுகளோடு கிடக்கிறது.
ஆட்டினால் கம்பி கிலுகிலுக்கும்.
நாளைக்குத் துஷ்யந்தினி எடுப்பாள்,
மேலதிகமாய்ச் சொல்ல ஏதுமிருக்கா என்பாள்.

இன்று பின்னேரம் அதே திருப்பத்தில்
சிக்னல் போட்டேன். நிதானமாய் அடித்தது.
நம்பிக்கை வரவில்லை.
காரை நடுவில் விட்டுவிட்டு
இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன்.
மஞ்சளாய் விட்டு விட்டு எரிந்தது.
அதற்குப் பின்னால் ஒரு மினிபஸ்,
யன்னலால் தலையை நீட்டி
றைவர் கத்தினான்:

"தெரியுதக்கா, தெரியுது!
திரும்புங்கோ!"