ஐஸ் பில்லின் பின்பக்கம்

மண்டபம் ஐஸ் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை.
ஒன்பதே காலுக்கு, கட்டி உடைக்கிற சத்தத்துக்குள்
போனில் சந்தை திறக்கும்.

செவ்வாய்க்கிழமை
நூற்றுப்பத்தில் வாங்கினேன்.
தொண்ணூறில் ஸ்டாப்லாஸ்.
தொண்ணூற்றிரண்டு வந்ததும் எண்பதுக்கு இறக்கினேன்,
பிறகு எழுபதுக்கு,
பிறகு எடுத்தே விட்டேன்.
திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை,
நானே சொல்லிக்கொண்டேன்.
அறுபத்து நாலில் விற்றபோது
வண்டித் தவணை நான்கு மாதம் போயிருந்தது.

அன்றைக்கே பாம்பனில் கூண்டு ஏறியது.
விடிந்தால் தொழிலுக்குப் போகிற நாள்; டோக்கன் இல்லை என்றார்கள்.
வெயில். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்.
ரெக்ஸன் ஆபீசையே திட்டிக்கொண்டு
நங்கூரக் கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.
புயல் வரவில்லை.
சனிக்கிழமை ஐஸ் ஏற்ற வந்தவன்
அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசவே இல்லை,
இருபது கட்டி, சீக்கிரம் என்றான்.

பில்லின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
வாங்கும் முன்பு குறித்த விலைதான் விலை.
வாங்கிய பிறகு பேசுகிறவன் வேறு ஆள்.

கீழே, வேறு மையில்:
நேற்றும் ஒரு தடவை நகர்த்தினேன்.
இரண்டு ரூபாய்தான்.
எழுதிவிட்டேன்.