மணல் மூட்டை ஒன்று

அணிக்கு நாற்பது வயதாம், வரலாறு அச்சேறப் போகிறது.
மஸீரா ஓடுதளத்தின் வடகோடியில்
என் எடைக்கொட்டகைக்கே மெய்ப்புத்தாளோடு வந்துவிட்டாள்
லெப்டினன்ட் பத்ரியா.
"எண்களை மட்டும் பாருங்கள், சூசைமரியான்.
வாக்கியங்களை அலுவலகம் பார்த்துவிட்டது."

பார்த்துவிட்டதுதான்.
தகரப்பெட்டி என்று விமானிகள் வைத எங்கள் முதல் இரண்டு விமானங்கள்
இதில் 'நம்பகமான ஊர்திகள்'.
முன்சக்கரம் சிக்கிய இரவுகள் 'சவால்கள்'.
காற்றுக்கு மட்டும் பெயர் மாற்ற முடியவில்லை,
காற்று என்றே இருக்கிறது.

எண்கள் என்னுடையவை.
குடிநீர் பீப்பாய், டீசல், பேரீச்சை,
உதைத்துக்கொண்டே ஏறிய இரண்டு ஒட்டகக்கன்றுகள்,
தரையில் நிற்கிற எல்லாவற்றையும் நிறுத்தேன்.
ஒருமுறை ஏறும்போது ஒருத்தி,
மஸ்கட்டில் இறங்கும்போது இருவர்.
மொத்த எடை மாறவில்லை,
தாளில் அடித்தல் திருத்தல் இல்லை.

முப்பத்தெட்டாம் பக்கம்:
'அனுமதியற்ற எவரையும் இந்த அணி ஒருபோதும் ஏற்றியதில்லை.'

எண்பத்து நான்கு, ஆகஸ்ட்.
சலாலாவுக்குக் காலி விமானம்,
வால்பக்கம் அறுபது கிலோ போதவில்லை.
இருந்த மணல் மூட்டைகளை
சமையற்கூடத்துச் சுவருக்கு அடுக்கிவிட்டார்கள்.
கேப்டன் ஹமூத் என்னை மேலும் கீழும் பார்த்தார்,
மீன் வாங்குகிறவர் பார்க்கிற மாதிரி.
"ஏறு மேடையில்."
முள் அறுபத்து மூன்றில் நின்றது.
'மணல் மூட்டை, 1' என்று
அவர் சொல்ல, நானே எழுதினேன்.

மூன்று வருடம் நிறுத்து அனுப்பியவன்
அன்றைக்குத்தான் பறந்தேன்.
வலைக்கயிற்றைப் பிடித்தபடி,
மூட்டை என்பதால் வாய் திறக்காமல்.

சலாலாவில் சாரல்.
மஸீராவில் வானம் மறந்துபோன ஒன்று
அங்கே சும்மா விழுந்துகொண்டிருந்தது.
மலை பச்சையாக இருந்தது, ஓடுதளத்துக் கம்பிவேலிகூட
சொட்டிக்கொண்டிருந்தது.
சரக்கு ஏற்றி முடிக்கும்வரை
நடுவெளியில் நின்றேன், யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை.
ஹமூத் ஓரமாக நின்று புகைத்தார்.
திரும்பும்போது மீண்டும் எடை.
விதி விதிதான், அவர் விடமாட்டார்.
அறுபத்து நான்கு.

அறுபத்தோராம் பக்கத்தில் அவருக்கு மூன்று வரி.
பின்மாலை, பக்கக்காற்று, நால்வர்.
அந்தச் சுமைத்தாளிலும் என் கையெழுத்து.
எட்டு நாள் விசாரித்தார்கள்,
கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள்,
எடை சரி என்று எழுதிக் கொடுத்தார்கள்.
அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.
அதனால் தூக்கம் வந்தது என்று சொல்ல முடியாது.

பத்ரியா பழைய தாள்களில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள்.
கெட்டிக்காரி. நின்றாள்.
"எண்பத்து நான்கில் ஒரு மணல் மூட்டை,
போகும்போது அறுபத்து மூன்று,
வரும்போது அறுபத்து நான்கு.
தவறுதானே?"

வெளியே ஒரு விமானம் பின்கதவைத் திறந்து
காத்துக்கொண்டிருந்தது.

"அங்கே மழை" என்றேன்.
"மணல் நனைந்தால் கனக்கும்."

பென்சிலால் ஒரு டிக் அடித்துவிட்டுப்
பக்கத்தைத் திருப்பினாள்.